அரைஞாண் கயிற்று டாங்கிள்

கம்ப்யூட்டரின் பின்பக்கம் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொளஞ்சி துடைப்பத்தோடு அப்படியே நின்றான். எரியக் கூடாத விளக்கு அது.

பென் டிரைவ் போல விரல் நீள டாங்கிள், அதிலிருக்கும் விளக்கு. அதைச் செருகினால்தான் பேனர் அடிக்கும் சாஃப்ட்வேர் திறக்கும். பிடுங்கினால் மிஷின் வெறும் இரும்பு. வேலைக்காரன் திருட்டுத்தனமாகத் தனக்கு எதையாவது அடித்துக்கொள்வான் என்று, முதலாளி ராஜவேல் அதை அரைஞாண் கயிற்றில் கோத்து இடுப்பிலேயே வைத்திருந்தார். போன வாரம் மாரடைப்பில் செத்தவரைக் குளிப்பாட்டிய பங்காளிகள், தாயத்து என்று நினைத்து அறுக்காமல் விட்டுவிட்டார்கள். சிதையிலிருந்து பிளாஸ்டிக் கருகிய நாற்றம் வந்தபோதுதான் கொளஞ்சிக்கு உறைத்தது.

வேறு தர முடியாது என்றுவிட்டான் கம்பெனிக்காரன். மிஷின் ஓடாவிட்டால் கடையை மூடுவார்கள். இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

முதலாளி வீட்டம்மாவுக்குப் போன் போட்டான்.

"நிர்மலாம்மா, புது டாங்கிள் வாங்கியாந்து சொருவினீங்களா?"

"நான் எங்க வர்றது? இன்னும் காரியமே முடியல. பட்டப்பகல்ல குடிச்சிருக்கியா கொளஞ்சி?"

வைத்துவிட்டாள். வெளியே முத்தியால்பேட்டை வீதியில் மழை ஷட்டரை அறைந்துகொண்டிருக்க, உள்ளே பழைய மை வாடைக்கு அடியிலிருந்து நெய்யும் வறட்டியும் கருகும் வாடை மெல்ல எழுந்து, சுவரெல்லாம் ஏறி, அவன் தொண்டையில் வந்து படிந்தது. மிஷினின் மை தெளிக்கும் தலை தானாக அந்தக் கோடிவரை போய்த் திரும்பியது.

பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"உசுரோட இருந்தப்ப ஒரு நாளு என்ன நம்பினியாய்யா? என் பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு பேனர் கேட்டதுக்குத் திருடன்ன. செத்தும் பூட்டிக்கினு ஒக்காந்திருக்கியா? குடுய்யா! இனிமே இது என்னுது!"

பிடுங்கினான். டாங்கிள் வந்தது. பின்னாலேயே கறுப்புக் கயிறு. அந்தச் சின்னத் துளைக்குள்ளிருந்து. ஈரமாக. சாம்பல் அப்பி. இழுக்க இழுக்க நீண்டது.

பிறகு நின்றது. மறுமுனையில் கனம்.

உள்ளேயிருந்து யாரோ சுண்டி இழுத்தார்கள்.

விட்டுவிடப் பார்த்தான். கயிறு மணிக்கட்டைச் சுற்றியிருந்தது. மறுபடியும் ஒரு இழுப்பு. டாங்கிள் கையிலேயே சாம்பலாக உதிர்ந்தது. காலித் துளையை நோக்கி அவன் ஆள்காட்டி விரல் போனது. நகம் நுழைந்தது. முதல் கணு. இரண்டாவது.

கத்தினான். மழை.

டாங்கிள் சேர்ந்துவிட்டது என்று திரையில் எழுத்து வந்தது. மிஷின் ஓடத் தொடங்கியது. மை டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்தபடி மூலையில் கிடந்தன. ஒன்றிலும் ஒரு சொட்டு இல்லை.

வெள்ளைப் பேனரில், வரி வரியாக, ஆவி பறக்க, சிவப்பு விழுந்துகொண்டிருந்தது.