கண்ணடித்த மூன்றாம் பொத்தான்

பிற்பகல் 2.07. இரும்பு வார்ப்பு ஆலையின் மூன்றாம் குழிக்குள் கிரேன் இறக்கிய இரும்புப் பாளத்துக்கு அடியில் கொக்கிக்காரர் கிடந்தார். கிரேன் கொக்கியில் பாளங்களை மாட்டுவதும் கழற்றுவதும் அவர் வேலை. பாளத்தை மறுபடி தூக்க நாலு நிமிடம் ஆயிற்று. தூக்கி என்ன பயன்? உயிர் எப்போதோ போயிருந்தது.

மேலே கூண்டிலிருந்து கிரேன்காரர் கத்திக்கொண்டே இருந்தார். "குழி காலியா இருந்துச்சு! பார்த்துட்டுத்தான் இறக்கினேன்!" கீழே நின்ற பதினைந்து பேரில் ஒருவரும் நம்பவில்லை. ஒருவர் செருப்பைக் கழற்றி மேலே வீசினார். குறி தப்பியதே என்றுதான் மற்றவர்களுக்கு வருத்தம்.

மறுநாள் காலை 10.15. மேலாளர் அறையில் பெண் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். எதிரே கிரேன்காரர், போர்மேன், எலக்ட்ரீஷியன். மூலையில் பழைய டேப் மெஷினைக் குடைந்துகொண்டிருந்தவர் டி.வி. மெக்கானிக். டேப் சிக்கிக்கொண்டது, இந்த ரக மெஷினைத் தொட ஊரில் வேறு ஆள் இல்லை என்று அழைத்து வந்தார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, செத்தவரின் மச்சினன் அவர். பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்த அக்கா, "அந்தக் கிரேன்காரனை உள்ள தள்ளிட்டு வா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அவரும் அதை மறைக்கவில்லை. வந்ததிலிருந்து கிரேன்காரரை எரித்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூண்டிலிருந்து பார்த்தால் குழிகள் தெரியாது. அதற்காக நாலு கேமராக்கள், கூண்டில் ஒரு சின்னத் திரை. ஒன்று முழுக் கொட்டகையையும் காட்டும். இரண்டு, மூன்று, நாலு அந்தந்தக் குழியைக் காட்டும். எந்தப் பொத்தானை அழுத்துகிறாரோ, அந்தக் கேமராவைக் கீழே இருக்கும் பெட்டி திரையோடு இணைக்கும். ஒவ்வொரு கேமராவின் ஒயருக்கும் பெட்டியில் தனித்தனி சாக்கெட். திரையில் வருவது டேப்பிலும் பதியும்.

டேப் ஓடியது. 2.05. காலியான குழி. அதன் ஓரத்தில் ஓர் இரும்பு ஏணி.

"ஏணி எந்தக் குழியில இருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாலுல மேடம்," என்றார் போர்மேன். "மூணுல இருந்தது துருப்பிடிச்சு விழுந்து ஒரு வருஷமாச்சு."

"நாலைப் பார்த்துட்டு மூணுல இறக்கியிருக்கே."

"இல்ல மேடம், மூணைத்தான் அழுத்தினேன்," என்றார் கிரேன்காரர். "மூணு கண்ணடிச்சுது மேடம்!"

"கண்ணடிச்சுதாம்! ஆளைக் கொன்னுட்டுக் கதை அளக்கறான்," என்றார் போர்மேன். எலக்ட்ரீஷியன் சிரித்தார். மெக்கானிக் சிரிக்கவில்லை.

"பெட்டியைக் கடைசியா யார் திறந்தது?"

"ஒரு வாரமா யாரும் தொடலை மேடம்," என்றார் எலக்ட்ரீஷியன். "சாவி எங்கிட்ட ஒண்ணு, போர்மேன்கிட்ட ஒண்ணு."

"பாளம் விழுந்தப்ப எங்க இருந்தே?"

"சத்தம் கேட்டதும் முதல் ஆளா ஓடினேன். அவர் தலையைத் தாங்கினதே நான்தான்."

இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார். பெட்டிக்கு நேற்று 2.40க்கு முத்திரை வைத்தது அவர்தான்.

10.50. பொத்தான்களை அழுத்திப் பார்க்க வேண்டும் என்றார் மெக்கானிக். எல்லோரும் கூண்டுக்கு ஏறினார்கள். இரண்டு: படம் சட்டென்று வந்தது. மூன்று: திரை முழுக்க ஒரு கணம் வெளுத்து, பிறகு படம் நிலைத்தது. ஏணி இல்லாத குழி. நாலு: வெளுக்கவில்லை, ஏணியோடு குழி. மூன்றை ஏழு தரம் அழுத்தினார். ஏழு தரமும் வெளுத்தது.

இறங்கி வந்து டேப்பைப் பின்னால் ஓட்டினார். நேற்று பகல் 12.40, சாப்பாட்டுக்கு முன்: திரை வெளுத்தது, ஏணியில்லாத குழி வந்தது. பிறகு 2.05: திரை வெளுத்தது, ஏணியுள்ள குழி வந்தது. மூன்று முறை பார்த்தார். பேசாமல் இருந்துவிடலாம். அறையில் வேறு யாருக்கும் இது புரியப்போவதில்லை, அக்கா கேட்டதும் நடந்துவிடும். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம் அப்படித்தான் நினைத்தார். பிறகு தம்ளரை மேசையில் ஓங்கி வைத்தார்.

"இந்த ஆள் மூணைத்தான் அழுத்தியிருக்கான்."

"எப்படி?"

"தராசுல சாமான் வைக்கறதுக்கு முன்னால முள்ளைப் பூஜ்யத்துல நிறுத்துவோம்ல மேடம்? கேமராவுல இருந்து வர்ற படத்துக்கும் அது வேணும். எது கறுப்புங்கற அளவு வழியிலேயே நழுவிடும். பொத்தான் மாறினதும், பெட்டிக்குள்ள இருக்கற சிப்பு படத்தோட அடிமட்டத்தைப் பிடிச்சு அதோட இடத்துல நிறுத்தும். கிளாம்ப்னு சொல்லுவோம். மூணாம் சாக்கெட்ல ஒரு கண்டென்சர், மின்சாரத்தைத் தேக்கற சின்ன உருப்படி, கசியுது. அதனால முள்ளு நிக்க அரை விநாடி ஆகுது. அதுவரைக்கும் திரை வெளுக்கும். அதைத்தான் கண்ணடிக்குதுங்கறான்."

"சரி."

"கசிவு கேமராவுல இல்ல, ஒயர்ல இல்ல, சாக்கெட்ல இருக்கு. எந்தக் கேமராவை அங்க சொருகினாலும் கண்ணடிக்கும். நேத்து 2.05க்கு ஏணி வந்துச்சு, கண்ணடிச்சுட்டு வந்துச்சு."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "நாலாம் குழிக் கேமராவை மூணாம் சாக்கெட்ல சொருகியிருக்காங்க."

"வெல்டிங் ஓடிச்சு மேடம்!" என்று குறுக்கே விழுந்தார் எலக்ட்ரீஷியன். "பொறி அடிச்சாத் திரை வெளுக்காதா?"

"வெல்டிங் இரைச்சல் மணலை வீசின மாதிரி பொடிப்பொடியா வரும். டீத்தூளை வடிகட்டற மாதிரி ஃபில்டர் அதை நிறுத்திடும். மீறி வந்தாலும் எல்லாப் பொத்தான்லயும் வரணும், எந்த நேரமும் வரணும். இது மூணை அழுத்தினா மட்டும் வருது. உனக்குத் தெரியாதா? நீ எலக்ட்ரீஷியன்தானே?"

போர்மேனுக்கு வியர்த்தது. "எங்கிட்டயும் சாவி இருக்குன்னு என் தலையில கட்டிடாதீங்க."

"12.40க்குச் சரியா இருந்துச்சு. 2.05க்கு மாறியிருந்துச்சு. இப்ப மறுபடி சரியா இருக்கு," என்றார் மெக்கானிக். "அப்ப 2.40க்கு முத்திரை வைக்கறதுக்குள்ள யாரோ திருப்பி மாத்தியிருக்கணும். பாளம் விழுந்ததுக்கப்புறம் என்ன பதிஞ்சிருக்குன்னு பார்ப்போம்."

அதுவரை எல்லோரும் சாவோடு டேப்பை நிறுத்தியிருந்தார்கள். பாளம் விழுந்ததும் கிரேன்காரர் பதறி ஒன்றாம் பொத்தானை அழுத்தியிருந்தார். 2.08லிருந்து திரையில் முழுக் கொட்டகை. போர்மேன் குழி விளிம்பில் தலையிலடித்துக்கொண்டு நிற்கிறார், போலீஸ் வரும்வரை நகரவில்லை. 2.19க்குப் பெட்டி இருக்கும் அறைப் பக்கமிருந்து ஒருவர் கையைப் பேன்ட்டில் துடைத்தபடி வருகிறார்.

"முதல் ஆளா ஓடினவன் பன்னிரண்டு நிமிஷம் எங்கய்யா ஓடினே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

எலக்ட்ரீஷியன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். "சாப்பாட்டு நேரத்துல பெட்டியைத் திறந்து ஒயரையெல்லாம் கழட்டித் தூசி தட்டினேன் மேடம். எல்லாம் ஒரே கறுப்பு ஒயரு. மேல அவன் காலி, காலின்னு கத்தினதும் சந்தேகம் வந்துடுச்சு. போய்ப் பார்த்தா மாறியிருந்துச்சு. எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு மேடம்..."

"ஒயரை மாத்திச் சொருகினது தப்பு. திருப்பிச் சொருகிட்டு இந்த ஆளை மாட்டிவிட்டுச் சிரிச்சுட்டு நின்னியே, அதுக்கு என்ன பேரு? எழுந்திரு."

11.40. அறையில் இரண்டு பேர் மிச்சம். கிரேன்காரர் அழுதபடி கையெடுத்துக் கும்பிட்டார்.

"கும்பிடாதே. உனக்காகச் சொல்லல," என்றார் மெக்கானிக். "மூணுல ஏணி இல்லன்னு உனக்குத் தெரியும். ரெண்டு நிமிஷம் ஏணி திரையில நின்னுச்சு. பார்க்கலையா?"

"பார்க்கல."

"கண்ணு எங்க போச்சு?"

"கண்ணடிச்சுதுப்பா. அது அடிச்சாலே மூணுன்னு மனசு சொல்லிடும். அப்புறம் வேற எதையும் உத்துப் பார்க்கறதில்ல. ஆறு மாசமா அப்படித்தான் பழக்கம்."

மெக்கானிக் டேப் மெஷினின் மூடியைப் பொருத்தத் தொடங்கினார். ஆறு மாதத்துக்கு முன், செத்துப்போன மச்சான்தான் அந்தப் பெட்டியின் சர்க்யூட் பலகையைப் பையில் போட்டு அவர் கடைக்குக் கொண்டுவந்தார். "மூணு கண்ணடிக்குது, என்னன்னு பாருடா" என்றார். பார்த்தார். நெல் அளவு கண்டென்சர், மாற்றப் பத்து நிமிடம். படம்தான் தெரிகிறதே, அப்புறம் பார்க்கலாம் என்று அப்படியே திருப்பிக் கொடுத்திருந்தார். புதுக் கண்டென்சர் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

பிணவறை வாசலில் அக்கா எழுந்து நின்றாள். "யாருடா? அந்தக் கிரேன்காரன்தானே?"

"இல்லக்கா. எலக்ட்ரீஷியன்," என்றார். அதோடு வாயை மூடிக்கொள்ளத்தான் நினைத்தார், முடியவில்லை.

"நானும்தான்க்கா."