நகச்சுத்து

“கட்டுன புருசன் புண்ணத் தொடக் கூசுதாக்கும் மகாராணிக்கு!”

விடிந்ததும் விடியாததுமாகச் சந்தனம்மாள் ஆரம்பித்துவிட்டாள். தம்பி ஈஸ்வரபாண்டிக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்ததிலிருந்து, கூடலூரிலிருந்து வந்து கட்டு மாற்றுகிறவள் அவள்தான். அவன் பெண்டாட்டி யுவராணியோ அறைவாசலைத் தாண்டுவதே இல்லை.

திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டும்போது கத்தரி கிழித்த யுவராணியின் விரல், நகச்சுத்தாகிச் சீழ் வைத்திருந்தது. “இந்தக் கையோட புண்ணுகிட்டப் போயிராதீக. கிருமி தையல்ல ஏறுச்சுன்னா மறுபடி வயித்தத் தெறக்கணும்” என்று தேனி ஆஸ்பத்திரி நர்ஸ் எச்சரித்திருந்தாள். அதனால்தான் மதினி சந்தனம்மாளை யுவராணியே கெஞ்சி வரவழைத்தாள். காரணத்தைச் சொன்னால் யார் நம்பினார்கள்? நகச்சுத்துக்கு இம்புட்டு நாடகமா என்று சிரித்தார்கள். ஈஸ்வரபாண்டி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தனித்தட்டு, தனிப்பாய்... புருசன் முனகுவதைக் கேட்டுக்கொண்டு வெளியே கிடப்பது எவ்வளவு கொடுமை!

அன்று கட்டைப் பிரித்த சந்தனம்மாள், சுருளிக் கோயில் திருநீற்றை அள்ளித் தையலருகே கொண்டுபோனாள்.

“மதினி! கைய எடுங்க!”

வாசலிலிருந்து யுவராணி போட்ட சத்தத்தில் திருநீறு தரையில் கொட்டியது.

“சாமி திருநீறையே தடுக்குறியாடி பாவி!”

“நெத்தியில பூசுங்க மதினி... புண்ணுல வேணாம். ஒங்க கால்ல விழுறேன்!”

நெற்றியில் பூசினாள் சந்தனம்மாள். அதோடு அவளிடம் பேச்சையும் நிறுத்திவிட்டாள். வசவாவது காதில் விழுந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை.

தையல் பிரிக்க மூவரும் தேனிக்குப் போனார்கள். “புண் சுத்தமா ஆறியிருக்கு” என்ற டாக்டரம்மா, யுவராணியின் விரலைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“இதை நடுவுல ஒரு நாள் வந்து காட்டியிருக்கக் கூடாதாம்மா?”

“அவுகள விட்டுட்டு எப்படி வர...”

“நல்லவேளை, இந்தக் கை அவர் புண்ணைத் தொடலை. தொட்டிருந்தா இவர் இன்னிக்கு நடந்து வந்திருக்க மாட்டார்.”

சந்தனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விரலைக் கீறிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தும், பழக்கம் போகாமல் யுவராணி அறைவாசலிலேயே நின்றாள்.

“உள்ள வா புள்ள...” ஈஸ்வரபாண்டியின் குரல் உடைந்தது.

“கை ஆறட்டுங்க...”

அவனே மெல்ல நடந்து வந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். சோற்றுத்தட்டோடு வந்த சந்தனம்மாள், ஈரம் காயாத தன் கையால் ஒரு கவளம் பிசைந்து யுவராணியின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“சோப்புப் போட்டுத்தான்டி கழுவியிருக்கேன் ஆத்தா... வாயத் தெற!”