இடப்பக்க இருக்கையின் ஈரம்

மேலே எதுவும் குறையவில்லை. கீழே மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது.

மூன்று நாட்களாக டில்ஷானியைத் தூங்கவிடாத கணக்கு இதுதான். கசிவு எளிமையான விஷயம்: நிலத்தில் விழுவது எங்கோ ஒரு தாங்கியில் குறைந்திருக்க வேண்டும். ஆனால் இந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் ஒயில் அளவுக்கோட்டை விட்டு ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஒயில், கியர் ஒயில் எல்லாம் நிறைவாகவே இருந்தன. இருந்தும் எஞ்சினுக்கடியில் விரித்த காட்போட் மட்டையில் மண்ணிற வட்டமொன்று பெருத்துக்கொண்டே போனது.

கொட்டாஞ்சேனையில் உள்ள அவளுடைய கராஜுக்கு வருமுன் மூன்று கராஜ்கள் இந்த வண்டியைக் கைவிட்டிருந்தன. இதை இரண்டு மாதத்துக்கு முன் வாங்கியவர் வெள்ளவத்தை நவரத்தினம். மத்தியானம் அவரே போன் எடுத்தார்.

"தங்கச்சி, ஆறு மணிக்கு வந்து எடுக்கலாமோ? நாளைக்கு என்ர மகளுக்கு ஒன்பதாவது பிறந்தநாள். தாரிகா இப்பவே சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிக்கிறாள். இடப்பக்க சீற் அவளுக்குத்தானாம்."

"எங்கயிருந்து ஒழுகுதெண்டு தெரியாமல் நான் வண்டி குடுக்கிறதில்ல அண்ணா."

"உம்மட பிடிவாதத்தைக் கேள்விப்பட்டுத்தானே கொண்டந்தனான். ஆறு மணி, என்ன?"

போயா நாள், பௌர்ணமி விடுமுறை. தெருவில் கடைகளெல்லாம் பூட்டு. டில்ஷானி ஷட்டரை ஒரு அடி விட்டு இறக்கினாள். புகைபோக்கியில் நீண்ட குழாயைப் பூட்டி, புகையை வெளியே விட்டாள். எஞ்சினைக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை எங்கும் மெல்லத் தூவினாள். வெள்ளை பூசிய எஞ்சினில் ஈரம் வந்த வழியை ஒளிக்க முடியாது. கோடு கீறிக் காட்டிவிடும்.

எஞ்சினையும் ஏசியையும் அரை மணி நேரம் ஓடவிட்டு டோர்ச்சை அடித்தாள். எஞ்சின் முழுக்க வெள்ளை. அதற்குப் பின்னால், ஆட்கள் இருக்கும் பகுதியை மறிக்கும் தகட்டிலிருந்து ஒரேயொரு கறுத்த கோடு இறங்கியது. ஏசியின் கழிவுநீர்க் குழாய். யாரோ அதைத் தவறாக வளைத்து விட்டிருந்தார்கள். தண்ணீர் கியர்பெட்டியின் பழைய கிறீஸில் விழுந்து, ஒயில் போல மண்ணிறமாகிச் சொட்டியது.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து டயர்க்கடை பௌஸியின் முகம் ஷட்டருக்கடியில் தலைகீழாகத் தெரிந்தது.

"என்ன புள்ள, போயாவுக்கும் காருக்கடியிலயா?"

"பிடிச்சிட்டன் பௌஸி நானா! ஏசித் தண்ணி."

"ஏசித் தண்ணிக்கா மூணு நாளா படுத்துக் கெடந்தீங்க? மாப்பிள்ளை பார்த்திருந்தா கல்யாணமே முடிஞ்சிருக்கும்."

அவர் போய்விட்டார். அத்தோடு அவளும் விட்டிருக்கலாம். ஆனால் சொட்டு நிற்கவில்லை.

ஏசி தண்ணீரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கிறது. கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்றை மறித்துவிட்டால், அதே காற்றுத்தான் சுற்றிச் சுற்றி வரும். பதினைந்து நிமிடத்தில் பிழிய ஒன்றும் மிஞ்சாது. உள்ளே ஆள் இருந்தால் மட்டுமே தொடரும், ஏனென்றால் மூச்சும் வியர்வையும் புதிய ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு ஆளுக்கு ஆறு நிமிடத்துக்கு ஒரு போத்தல் மூடியளவு. வேறு வண்டிகளில் அவளே அளந்து பார்த்திருந்தாள்.

வெறும் காரின் கதவிடுக்குகளுக்கு டேப் ஒட்டினாள். தரைவிரிப்பைத் தடவினாள், காய்ந்திருந்தது. மூடியைக் குழாய்க்கடியில் வைத்தாள்.

ஆறு நிமிடம். ஒரு மூடி. பன்னிரண்டு. இன்னொரு மூடி. முக்கால் மணி நேரம் கழித்தும் அதே ஒழுங்கு, அவசரமுமில்லை, தளர்ச்சியுமில்லை, ஆழ்ந்து உறங்கும் ஒருவரின் மூச்சு ஏறி இறங்குவதுபோல.

தெருவில் ஒரு ஓட்டோகூடப் போகவில்லை.

மூடிக்குப் பதில் ஒரு கிளாஸை வைத்துவிட்டு, டேப்பை உரித்து, வலப்பக்கக் கதவால் ஏறிச் சாரதி இருக்கையில் அமர்ந்தாள். கண்ணாடிகள் மேலே. கையில் நேரமானி. தோலின் வாசம், பவுடரின் வாசம், அவற்றுக்கடியில் இன்னொன்று: மழையில் நனைந்து வந்து தலை துவட்டாத ஒருவரின் கூந்தல் வாசம். ஏசி முழுக் குளிரில் அடித்தது. அவளுடைய வலது கை விறைத்துப் போனது.

இடது கை விறைக்கவில்லை.

இடது கை வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் திரும்பவில்லை. முப்பது நிமிடத்தையும் முழுதாக இருந்து முடித்தாள். பிறகு இறங்கிக் கிளாஸை எடுத்து அளந்தாள். பத்து மூடி. அவளுக்கு ஐந்து.

மீதி ஐந்து.

ஷட்டருக்கு எட்டு அடி. ஊர்ந்து போனால் தெரு. கால்கள் அந்தப் பக்கம் திரும்பியும் விட்டன. ஆனால் ஆறு மணிக்கு நவரத்தினம் வருவார். நாளைக்குப் புதுச் சப்பாத்தோடு தாரிகா அந்த இருக்கையில் இருப்பாள்.

அதன் மடியில்.

டில்ஷானி காரைச் சுற்றிப் போய் இடப்பக்கக் கதவை விரியத் திறந்தாள்.

"இறங்கு."

சொட்டு.

"கேட்டுதா? இது என்ர கராஜ். ஒழுகிற வண்டி இங்கயிருந்து வெளிய போனதில்ல. நீ ஆரெண்டு நான் கேக்கேல்ல. இறங்கு."

சொட்டு. அவள் இரண்டு கையாலும் பிடித்த கதவை விடவில்லை.

சொட்டு.

பிறகு ஸ்பிரிங் ஒன்று முனகியது. காரின் இடப்பக்கம் மெல்ல உயர்ந்தது. அரை விரலளவு. ஆள் இறங்கினால் எவ்வளவு உயருமோ, அவ்வளவு.

ஈர வெப்பம் அவள் முகத்தை உரசிக் கடந்தது.

கதவைச் சாத்தினாள். டேப் ஒட்டினாள். பதினைந்து நிமிடம் ஓடவிட்டாள். ஒரு சொட்டு. பிறகு இல்லை. மூடியைத் துடைத்துக் குழாய்க்கடியில் திரும்ப வைத்தாள். அரை மணி நேரம். மூடி காய்ந்து கிடந்தது.

போன் அடித்தது.

"சரிவந்திட்டுதோ தங்கச்சி? வாசலுக்கு வந்திட்டன்."

"ஓம் அண்ணா. ஒரு துளியும் இல்ல. நீங்க உள்ளுக்கு வராதைங்கோ. நான் வெளிய எடுத்துத் தாறன்."

வேலை அட்டையை எழுத மேசைக்குப் போனாள். எதிரே வாடிக்கையாளருக்கான நீல பிளாஸ்டிக் கதிரை. யாருமில்லை. அதன் நான்கு கால்களும் மெல்ல அகன்றன, பாரமான ஒருவர் சாய்ந்து உட்காரும்போது அகல்வதுபோல.

அவள் தன் ஸ்டூலை அதற்கு நேரெதிரே இழுத்துப் போட்டாள். இருந்தாள். பேனாவைத் திறந்து, எழுத்து ஆடாமல் எழுதினாள்:

கசிவு: ஏசி நீர். காரணம்: உள்ளே ஒருவர். தீர்வு: இடப்பக்கக் கதவைத் திறக்கவும். இறங்கும்வரை திறந்தே வைத்திருக்கவும்.