மூன்று முப்பத்தைந்து

காலை 11.40. கொல்கத்தா, காளிகாட், மூன்றாம் மாடி வீடு.

துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வீரராகவன் சாப்பாட்டு நாற்காலியில் செத்துக் கிடந்தார். சட்டையெல்லாம் கஞ்சி. நெற்றியில் நாமம், நடுவே நூல் பிடித்தாற்போல் சிவப்புக் கோடு. குடும்ப டாக்டர் சான்றிதழ் தர மறுத்துப் போலீசுக்குச் சொல்லியிருந்தார்.

வீரராகவனுக்குப் பார்க்கின்சன் நோய். மூளைக்குள் இரண்டு மின்கம்பிகள், நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி. மின்சாரம் ஓடினால் நடுக்கம் இல்லை. நின்றால் உடம்பு கட்டையாகிவிடும். பேச்சு வராது, விழுங்கவும் வராது. மூளையின் துடிப்பைப் படித்து மின்சாரத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் புதுக் கருவி அது. அவர் உட்பட எட்டுப் பேரிடம் அதை வைத்து ஆராய்ச்சி நடந்தது. ஆராய்ச்சியின் பொறியாளர், அவருடைய மகன் நரேன்தான்.

இன்ஸ்பெக்டர் மஹிமா கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவளிடம் நரேன் ஒரு தாளை நீட்டினான். கருவியின் பதிவு: 'நின்றது – 03:35.'

"விடிகாலைலயே பேட்டரி தீர்ந்துபோச்சு மேடம். வாரா வாரம் அம்மாதான் சார்ஜ் பண்ணுவா. இந்த வாரம் மறந்துட்டா."

மூலையில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா நாகலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். "பண்ணேனா இல்லையான்னு ஞாபகமே வரலையே! நானே கொன்னுட்டேனே!"

மஹிமா அவள் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"மாமி, காலைல எங்க இருந்தேள்?"

"ஆறு மணிக்கே சாந்த்ராகாச்சிக்குக் கிளம்பிட்டேன், தங்கை ஆத்துக்கு. அப்ப அவர் தூங்கிண்டிருந்தார்."

மஹிமா நரேனிடம் திரும்பினாள். "அப்பா எத்தனை மணிக்கு எழுந்தார்?"

"எழவே முடியலை. ஒரே விறைப்பு. நான்தான் தூக்கி உட்கார வெச்சு ஒன்பதரைக்குக் கஞ்சி ஊட்டினேன். புரை ஏறிடுச்சு."

"குளிச்சாரா?"

"எங்கேந்து குளிக்கறது?"

"வீட்டுல வேற யாரு?"

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

மஹிமா குளியலறைக்குள் போனாள். ஈரத் துண்டு. கண்ணாடிக்குக் கீழே திருமண் பெட்டி. குச்சியில் சிவப்பு இன்னும் காயவில்லை. திரும்பி வந்து தாளை எடுத்துப் பார்த்தாள். மேல் விளிம்பு கத்தரிக்கோலால் நறுக்கப்பட்டிருந்தது. வெளியே போய் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன் போட்டாள்.

பகல் 1.15.

"மாமி, மாமாவுக்கு நாமம் யார் இட்டுவிடுவா?"

"வியாதி வந்தப்புறம் நான்தான். கை நடுங்கிக் கோடு கோணலாப் போயிடும்னு அழுவார். ஆபரேஷனுக்கு அப்புறம் அவரேதான். யாரையும் தொட விடமாட்டார்."

"நரேன், விடிகாலையிலேயே கருவி நின்னிருந்தா இந்தக் கோட்டை அவர் எப்படி இழுத்தார்? எழவே முடியலைன்னீங்களே, அப்புறம் எப்படிக் குளிச்சார்?"

மஹிமா தாளை அவன் முன்னால் வைத்தாள்.

"நிலையத்துல கேட்டேன். பதிவெல்லாம் லண்டன் கிரீன்விச் நேரம். நீங்க நறுக்கி எறிஞ்ச வரில அது இருந்தது. மூணு முப்பத்தஞ்சோட அஞ்சரை மணி நேரத்தைக் கூட்டினா நம்ம ஊர்ல காலை ஒன்பது அஞ்சு. பேட்டரி பாதிக்கு மேல இருக்கு. மாமி எதையும் மறக்கலை. கருவி தானா நிக்கலை, யாரோ நிறுத்தியிருக்கா. அப்ப வீட்டுல இருந்தது நீங்க மட்டும்தான்."

நரேன் தரையைப் பார்த்தபடி பேசினான்.

"புதுக் கருவி வெச்சப்புறம் மூணு தடவை விழுந்தார். நான் அறிக்கையில எழுதலை. இன்னிக்குப் பன்னிரண்டு மணிக்கு ஆராய்ச்சி விசாரணைக் கமிட்டி இங்க வரதா இருந்தது. அப்பா எல்லாத்தையும் அவங்ககிட்ட சொல்லிடுவேன்னார். பேச முடியாம இருக்கட்டும், அவங்க போனதும் போட்டுடலாம்னு நிறுத்தினேன். ஆனா பசிக்குதுன்னு கண்ணால சைகை காட்டினார்..."

அப்பாவைக் கொல்ல அவன் நினைக்கவில்லை என்பதை மஹிமா நம்பினாள். ஆனால் அந்தப் பழியை அழுதுகொண்டிருந்த அம்மாவின் தலையில் போட்டானே, அதை அவளால் மன்னிக்க முடியவில்லை.

நாகலட்சுமி எழுந்து வந்தாள். அழுகை நின்றிருந்தது. மஹிமாவின் கையிலிருந்த பேனாவைப் பிடித்தாள்.

"நான் மறந்துட்டேன்னே எழுதிக்கோடி கொழந்தே. எங்கே சொல்றயோ அங்கே கையெழுத்துப் போடறேன்."