அவன் விட்டுக்கொடுத்த பேச்சு

மழைக்கு அஞ்சி மொழிப்பள்ளியின் வராந்தாவுக்குள் ஓடிவந்தவள், குடையை உதறினாள். சாரல் முழுவதும் பெஞ்சில் அமர்ந்திருந்தவனின் முகத்தில்...

"குளிச்சிட்டுத்தாங்க வந்தேன்," என்றான் அவன். அந்தக் கண்கள் சிரித்தன.

அவளுக்குச் சிரிக்க நேரமில்லை. படிப்பால் அவள் பல் மருத்துவர். ஆயினும், சுவீடிஷ் வாய்மொழித் தேர்வில் தேறும்வரை மருத்துவமனையில் கருவி கழுவும் உதவியாளர்தான். இன்றைய தேர்விலோ அவளை அச்சுறுத்தும் வினையடைகள்... ஒரு வேலையை எப்படிச் செய்கிறோம் என்று விவரிக்க வேண்டும்.

"யாக் ஆர்பெத்தர் ஸ்னப்..." நான் வேகமாக வேலை செய்கிறேன் என்று முணுமுணுத்துப் பார்த்தாள்.

"ஸ்னப்ட். கடைசியில ஒரு 'ட்' வேணும். நம்ம 'ஆக' மாதிரி."

"நான் உங்களைக் கேட்டேனா?"

"இல்லீங்க. எலக்ட்ரீஷியன் புத்தி. கம்பி விட்டுப்போயிருந்தா கை தானா போயிடுது."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருவர் இருவராகப் பேச வேண்டிய தேர்வு அது. உள்ளே அவளுக்கு ஜோடியாக அமர்த்தப்பட்டவன்... அவனேதான்.

தேர்வாளரிடம் தான் பல் மருத்துவர் என்று சொன்னதோடு அவள் நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது அவன் சுவீடிஷில் மெல்லக் கேட்டான்: "குழந்தைக்குப் பல் பிடுங்கறப்ப எப்படிப் பிடுங்குவீங்க? வேகமாவா?"

"இல்லை... லோங்சம்ட்." மெதுவாக. பிறகு கவனமாக, அன்பாக... சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. மணி அடிக்கும்வரை அவளே பேசினாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள். அவன் திருத்தியபோது சிடுசிடுத்த வெட்கமோ தடுத்துவிட்டது.

அவள் தேறினாள். சற்று நேரத்தில் முடிவைச் சொன்ன ஆசிரியை, "உங்க ஜோடிக்குத்தான் தேர்ச்சி கிடைக்கலை. அவர் நேரத்தையும் நீங்களே பேசிட்டீங்களே," என்றார்.

அதே ஊரில் இருக்கும் அக்காவைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஊர் வாயையெல்லாம் தொறக்கச் சொல்றவ, ஒரு நன்றிக்கு உன் வாயைத் தொறக்கலையாடி? போடி, முதல்ல."

வாசலில், தூறலில், அவன் நின்றிருந்தான்.

"ஏங்க குறுக்க பேசலை? உங்க நேரமாச்சே..."

"பேசறப்ப உங்க முகத்துல இருந்த பயம் போயிடுச்சு. குறுக்க வர மனசு வரலீங்க. நான் அடுத்த தடவை பேசிக்கறேன்."

அவள் விழிகள் நிறைந்தன. "நன்றி சொல்லத்தான் ஓடிவந்தேன். இப்ப அது போதலை..."

"போதுங்க."

"போதாது. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அக்காகிட்டயும் சொல்லிட்டேன்."

அவன் தரையைப் பார்த்தான். மழையைப் பார்த்தான். கடைசியில் அவளைப் பார்த்தான்.

"அக்கா... என்ன சொன்னாங்க?"

"கையோட சாப்பிடக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."