இளவரசியின் கைக்குவளை

மேலைக் கடலை நோக்கிப் பெருகிச் செல்லும் அந்தப் பேராற்றின் நீர்ப்பரப்பில் மாலைக் கதிரவன் செம்பொன்னைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்த வேளையில், கோட்டைக்குள்ளிருந்து எண்ணற்ற முரசங்கள் ஒருங்கே முழங்கின. அவை மணமுரசா, போர்முரசா என்று பாண்டி நாட்டு வீரன் எயினனுக்கு விளங்கவே இல்லை. அருமை வாசகர்களே, பாவம், அவனைக் குறை சொல்லாதீர்கள்! ஏடன் துறைமுகத்தில் கொள்ளையரிடமிருந்து தன் உயிரைக் காத்த நண்பன் ஒபியோராவின் திருமணத்துக்காகப் பெரும் பாலைவனத்தையே தாண்டி வந்தவன் அவன். நண்பனின் நாட்டு மொழி ஓரளவு தெரியும். வழக்கமோ கொஞ்சமும் தெரியாது.

நீலப் பட்டாடையும் பவள மாலைகளும் ஒளிர, கள் நிறைந்த குவளையை ஏந்தி வந்தாள் இளவரசி அதன்னா. மணமகன் ஒபியோராவோ கூட்டத்தின் நடுவே தலையைக் குனிந்து ஒளிந்துகொண்டிருந்தான். அவனைச் சுற்றியிருந்த ஆடவர்கள், "இங்கே வா, பேரழகியே! அந்தக் குவளையை எனக்குத் தா!" என்று கைநீட்டிக் கூவினார்கள்.

எயினனுக்கு ரத்தம் கொதித்தது. இதென்ன அநியாயம்! மணப்பெண்ணிடமா இந்தப் பேச்சு? வாளின் பிடியைப் பற்றியபடி துள்ளி எழுந்தான்.

"இளவரசி, அஞ்ச வேண்டாம்! தங்கள் மணவாளர் இதோ இருக்கிறார்!" என்று ஒபியோராவைச் சுட்டிக் காட்டினான்.

சபை திடுக்கிட்டு அடங்கியது. ஒபியோரா தலையில் கை வைத்துக்கொண்டான்.

"விருந்தினரே, என்ன காரியம் செய்துவிட்டீர்!" என்றார் அரசர். "மணமகனை அவளே தேடிக் கண்டறிவதல்லவா எங்கள் வழக்கம்? இனி என் மகள் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடட்டும். மணமகன் இடம் மாறி அமரட்டும். அவன் வாய் திறந்தால் திருமணம் இல்லை. குவளை எவன் கையில் சேர்கிறதோ, அவனே அவள் கணவன்!"

எயினன் கூனிக் குறுகி உட்கார்ந்தான். உயிர் காத்தவனின் வாழ்வைக் கெடுத்துவிட்டோமே என்று தன்னைத்தானே நொந்துகொண்டான்.

மீண்டும் எழுந்தது ஆரவாரம். கண் கட்டிய அதன்னா ஒவ்வொரு குரலையும் கேட்டுத் தலையசைத்து விலகினாள். நேராக எயினனிடம் வந்தாள். நின்றாள். மண்டியிட்டாள்!

எயினனுக்குத் தலை சுற்றியது. இவ்வளவு பேர் அழைக்க, ஏன் என்னிடம்? சற்றுத் தள்ளி உதட்டைக் கடித்தபடி அமர்ந்திருந்த ஒபியோராவின் கண்களில் நீர் தளும்பியது. வாய் மூடியிருப்பவர்கள் இச்சபையில் இருவரே: அவனும் நானும்! அட, மடையனே, அவள் பேசாதவனை அல்லவா தேடுகிறாள்!

குவளை அவன் மார்பைத் தொட்டது.

"எனக்கு! எனக்குத்தான் தர வேண்டும்!" என்று தூய தமிழில், பந்தலே அதிரும்படி அலறினான் எயினன். "பேரழகியே, எனக்குக் கொடு!"

அதன்னா திடுக்கிட்டாள், பிறகு அவள் இதழோரம் புன்னகை மலர்ந்தது. எழுந்து, செவியைச் சாய்த்து, மெல்ல நடந்தாள். ஒபியோராவின் முன் மண்டியிட்டு, கள்ளை ஒரு வாய் பருகி, குவளையை அவன் கைகளில் வைத்தாள்.

மற்றவர்கள் எல்லாரும் கூவுவதை நிறுத்திவிட்டார்கள். எயினன் மட்டும், கன்னங்களில் கண்ணீர் வழிய, "எனக்கு! எனக்கு!" என்று இன்னும் கத்திக்கொண்டிருந்தான்.