தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு நாற்காலி

படம் எடுத்தபோது அந்த நாற்காலி அங்கே இல்லை. மாதா மேல் சத்தியமாக இல்லை. காய்ந்த புல், வரிசையாக மனைக்கற்கள், தூரத்தில் தண்ணீர்த் தொட்டி, இவ்வளவுதான் ராயப்பன் எடுத்தார். ஆனால் கேமராவின் சின்னத் திரையில், தொட்டிக்கு அடியில், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிடந்தது. வயசாச்சு, கண் அவிஞ்சு போச்சு என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

திண்டிவனத்துக்கு வெளியே மனை போட்டு விற்ற அந்த நகரில் மனை நூற்றிருபது, வீடு மூன்று. அதில் இரண்டு பூட்டிக் கிடந்தன. ஸ்டுடியோவை மூடிவிட்டு, மனைவியையும் அடக்கம் செய்துவிட்டு, மூன்றாவதில் ராயப்பன் தனியாக இருந்தார். சாயங்காலமானால் பைபாஸில் லாரிகள் போகும் இரைச்சலும், சீமைக்கருவேல வாடையும், சுவரில் நீண்டு கிடக்கும் தன் நிழலும்தான் துணை. மருமகன் துபாய் போனதிலிருந்து மகள் பிரின்சியை வந்து தங்கச் சொல்லிக் கேட்டு வாய் வலித்துவிட்டது.

"சுத்தி ஒரு மனுஷ மொகம் கெடையாதுப்பா. புள்ளைய வச்சிக்கினு அங்க எப்படி இருக்கறது?" என்பாள்.

தண்ணீர், கரண்டு எல்லாம் இருக்கிறது என்று அவளுக்குக் காட்டத்தான் இந்தப் படங்கள். தினம் சாயங்காலம் நாலு எடுத்து, மறுநாள் பிரவுசிங் சென்டரில் கொடுத்து அவளுக்கு அனுப்பினார்.

இரண்டாம் நாள் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்தார். நாற்காலி அங்கே வந்திருந்தது. வெள்ளைப் புடவையில் ஒரு கிழவி அதில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் வெறும் புல். திரையையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு மனுஷ உருவமாவது இருக்கிறதே என்று அதையும் அனுப்பிவைத்தார்.

மூன்றாம் நாள், வீட்டுக்கு எதிரே வேப்பமரம்; அதன் அடியில் அதே கிழவி. பொத்தானை அழுத்திப் பெரிதாக்கினார். தாடையைச் சுற்றித் துணிக்கட்டு. நெற்றியில் ஒற்றை ரூபாய். பாதி திறந்த கண்கள்.

முனியம்மாள்.

போன மாசம் ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம் செத்துப்போனவள். பிள்ளைகுட்டி இல்லாதவள். பிணத்தை நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டால் கட்டி, கடைசிப் படம் எடுக்க அவளுடைய அண்ணன் மகன் தேவநாதன் ராயப்பனைத்தான் கூப்பிட்டான். கல்யாணத்திலும் காதுகுத்திலும் நாற்பது வருஷம் சொல்லி ஊறிப்போன வாய், கேமராவுக்குள் பார்த்ததும் தன்னால் சொல்லிவிட்டது: "கண்ணத் தொறங்கம்மா. இங்க பாருங்க. லேசா சிரிங்க."

"செத்தவங்கள அப்டிலாம் கூப்புடக் கூடாதுண்ணே," என்றான் தேவநாதன்.

அன்று சிரித்துச் சமாளித்தார். இப்போது சிரிப்பு வரவில்லை. படத்தை அழித்தார். கதவைத் தாழிட்டு, பிரின்சிக்குப் போன் போட்டார்.

"இப்ப இங்க வராதம்மா. அப்புறம் சொல்றேன்."

"அட போப்பா, திண்டிவனத்துல எறங்கி ஆட்டோவுல வந்துக்கினே இருக்கோம். உனக்குச் சொல்லாம வரணும்னு நெனச்சேன். அந்தப் பாட்டி படத்தப் பாத்தப்புறந்தான் எனக்கே தைரியம் வந்துச்சி. டயானாவும் பாட்டி, பாட்டின்னு ஒரே பேஜாரு."

ஓடினார். செருப்பு போடவில்லை, கேமரா மட்டும் கையில். நகரின் முகப்பு வளைவில் யாரும் இல்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு படம் எடுத்துப் பார்த்தார்.

நாற்காலி. வளைவுக்கு நேர் கீழே. தாடைக்கட்டு அவிழ்ந்து தொங்கியது. கண்கள் முழுசாகத் திறந்திருந்தன. சிரிப்பு. அவரைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தாள்.

ஆட்டோ நின்றது.

"டயானா, அங்கயே நில்லும்மா." என்று கத்தினார். லாரி இரைச்சல் அதை விழுங்கியது.

நாலு வயசுப் பேத்தி குதித்து இறங்கி ஓடிவந்தாள். வளைவுக்கு அடியில் நின்றாள். எதையோ பிடித்து எக்கி ஏறி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"தாத்தா, போட்டோ எடு," என்றாள்.

அவளுடைய புதுக் கவுன் இடுப்பைச் சுற்றி மெல்ல அமுங்கியது. ஐந்து விரல் பதிகிற மாதிரி. அப்புறம் இன்னொரு பக்கமும்.